மாட்டு ரப்பர் மேட்: காசு மேலே, வேலை அடியிலே

கொங்குப் பக்கம் கட்டுத்தாரைக்கு, அதாவது மாடு கட்டுகிற இடத்துக்கு, சிமெண்டுத் தளம் போட்ட வீடுகளில் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ரப்பர் மேட் பேச்சு வந்தே தீரும். மண்தரையில் நின்ற மாட்டைச் சிமெண்டில் கட்டினால், முன்னங்கால் முட்டியில் முதலில் மயிர் உதிரும். அப்புறம் தோல் தடிக்கும். கடைசியில் எலுமிச்சம்பழம் கணக்காக நீர் கோத்து நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: "மேட் வாங்கிப் போடுங்க, சரியாப் போயிரும்."

முட்டிக்கு அது சரி. மேட் முட்டியைக் காக்கும், வழுக்கலைக் குறைக்கும், எழுந்திருக்கப் பயப்படுகிற மாட்டுக்குத் தைரியம் கொடுக்கும். மடிநோய் அதனால் தானாக நிற்காது. சாய்வில்லாத, கோமியம் தேங்குகிற தளத்தின்மேல் விரித்தால் மடிநோய் கூடத்தான் செய்யும். மேட்டுக்குக் கொடுக்கிற காசு தேறுமா தேறாதா என்பது அதன் அடியில் இருக்கிற தளத்தைப் பொறுத்தது.

இங்கே மதிப்பிடுவது ஆறரை அடிக்கு நாலு அடி, 17 எம்எம் கனமுள்ள கறுப்பு ரப்பர் மேட். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு கேரளத்திலிருந்து வருவது. கூடவே அதற்குப் போட்டியாக விற்கிற ஈவிஏ (நுரை மாதிரி லேசான செயற்கைப் பொருள்) மேட்டையும், பழைய கன்வேயர் பெல்ட்டையும், காங்கயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற தேங்காய் நார்த்தூளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கறவை மாடு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் படுத்திருக்க வேண்டிய பிராணி. படுத்திருக்கும்போதுதான் நன்றாக அசை போடும், மடிக்கு ரத்த ஓட்டமும் கூடும். படுக்கும்போது முன்முட்டி இரண்டையும் மடக்கி, கடைசி முக்கால் அடி உயரத்திலிருந்து உடம்பின் முன்பாரத்தை அப்படியே முட்டியில் போட்டு இறங்கும். நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கிறது. 350, 400 கிலோ கலப்பின மாடு காய்ந்த சிமெண்டில் இப்படி விழுந்தால் முட்டி என்னாகும்? அடுத்தடுத்து வலித்தால் படுப்பதையே குறைத்துக்கொள்ளும். தீனி குறையவில்லை, காய்ச்சல் இல்லை, பால் மட்டும் அரை லிட்டர், ஒரு லிட்டர் இறங்குகிறது என்றால், தீவனத்தை மாற்றுவதற்கு முன்னால் மாடு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மேட் தேவையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. நீங்களே தளத்தில் தொப்பென்று இரண்டு முட்டியையும் ஊன்றி இறங்குங்கள். இரண்டாவது தடவை இறங்க மனசு வரவில்லை என்றால் மாட்டுக்கும் வராது. மேட்டைப் போட்ட பிறகு அதே இடத்தில் பத்து எண்ணும்வரை முட்டி போட்டிருங்கள். வேட்டி நனைந்தால் படுக்கை ஈரம். இந்த இரண்டாவது சோதனையில் தோற்கிற கட்டுத்தாரைதான் அதிகம்.

கடையில் பார்க்க வேண்டியது

முதலில் தராசு. ஆறரைக்கு நாலு என்றால் 26 சதுர அடி. 17 எம்எம் கனத்தில் தடமே இல்லாத கெட்டி ரப்பராக இருந்தால் சுமார் 48 கிலோ வர வேண்டும். மேலே குமிழும் கீழே வாய்க்காலும் போக, நல்ல மேட் 38 முதல் 45 கிலோவுக்குள் நிற்கும். 30 கிலோதான் இருக்கிறது என்றால் கனம் எங்கேயோ குறைந்திருக்கிறது. குமிழின் உச்சிவரை அளந்து 17 என்று சொல்லியிருப்பார்கள், அடிக்கட்டு 11 கூட இருக்காது. மூலைக்கு ஒன்றாக நாலு இடத்தில் அளந்து பார்த்தால் வெளிப்பட்டுவிடும். சில கடைகளில் 55 கிலோ மேட்டைக் காட்டி, "பாருங்கண்ணா, தூக்கவே முடியாது, அத்தனையும் ரப்பருங்க" என்பார்கள். அத்தனையும் ரப்பராக இருந்தால் அந்த எடை வராது. கல்தூளும் களிமண் தூளும் கலந்த ரப்பர்தான் அளவுக்கு மீறிக் கனக்கும். அதனால் விலையைக் கிலோவுக்கு வகுத்து ஒப்பிடுவதும் ஒரு எல்லைக்குள்தான் உதவும். எடை சரியான வரம்பில் நிற்கிற இரண்டு மேட்டுக்கு நடுவில் மட்டும் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

அடுத்தது மூலையை மடித்துப் பார்ப்பது. ஒரு மூலையைப் பிடித்துப் பின்பக்கமாக முழுசாக மடக்கி, மடிப்பின் முதுகைப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தாலோ பொடிப்பொடியாக வெடிப்புத் தெரிந்தாலோ மறுபேச்சு வேண்டாம், அது இரண்டு வெயில் தாங்காது. வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேயுங்கள். கரி அப்படியே துணியில் ஏறினால் அந்தக் கரி மடியிலும் காம்பிலும் ஏறும். பழைய டயர் நாற்றம் குப்பென்று அடித்தால் மறுசுழற்சி ரப்பர் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் வாடை எல்லாவற்றிலும் இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும்.

மேல்பக்கக் குமிழ் ரொம்ப உயரமாக, நெருக்கமாக இருந்தால் பார்க்கப் பிடிமானமாகத் தெரியும். ஆனால் இடுக்கில் சாணி உட்கார்ந்துகொண்டு வழிக்க வராது. தாழ்ந்த, பரந்த புள்ளி நல்லது. கீழ்ப்பக்கத்தில் வாய்க்கால் நீளவாக்கில், அதாவது தலையிலிருந்து வால்பக்கம் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். அடியில் வட்ட வட்டக் குமிழ் இருந்தாலும் சரி, தண்ணீர் சுற்றிக்கொண்டு வெளியேறும். கட்டம் கட்டமாக மூடிய குழி இருக்கிற மேட்டை வாங்காதீர்கள். அந்தக் குழி ஒவ்வொன்றும் கோமியம் நிற்கிற கிண்ணம்.

உத்தரவாதம் ஐந்து வருசம் என்றால் எதற்கு என்று கேளுங்கள். வெடிப்புக்கா, தேய்மானத்துக்கா, மூலை தூக்குவதற்கா? அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு குட்டியானை கிளம்பினதும் முடிந்துவிடும். வண்டியில் ஏற்றும்போது மடித்துப் போடாமல் சுருட்டி ஏற்றச் சொல்லுங்கள். மடித்த தடம் விழுந்த மேட் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டே நிற்கும், மாடு அதில் கால் தட்டும்.

விரிப்பதற்கு முன்னால் தளம்

சாய்வு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை இருக்கலாம். ஆறரை அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் என்று கொத்தனாரிடம் சொன்னால் போதும். அதற்கு மேல் சாய்த்தால் மாடு முன்னே உயர்ந்து பின்னே இறங்கி நிற்கும். நிறைசினை மாட்டுக்கு அது ஆகாது. தளம் பழசாக இருந்தால் தலைப்பக்கம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கால்மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கே குட்டை நிற்கிறதோ அங்கேயெல்லாம் சிமெண்டுக் கலவையால் நிரவிய பிறகுதான் மேட். குட்டையின்மேல் போட்ட மேட் மூடிய சாக்கடை. புதுத்தளம் என்றால் 21 நாளாவது தண்ணீர் கட்டி ஆறவிட்டு அப்புறம் விரிக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கட்டுத்தாரைகளில் மாடு நிற்கிற இடம் பெரும்பாலும் ஐந்தரை அடி நீளம்தான். அதற்குப் பின்னால் ஒரு அடி அகலத்தில் சாணி வாய்க்கால். ஆறரை அடி மேட்டை அப்படியே விரித்தால் ஒரு அடி வாய்க்காலின்மேல் தொங்கும். பின்னங்கால் அங்கே ஊன்றினால் மேட் மடங்கி மாடு உள்ளே இறங்கிவிடும். இடுப்பு பிசகுகிற விபத்து இப்படித்தான் நடக்கிறது. தீவனத்தொட்டிப் பக்கம் ஒரு சாண் விட்டுப் போட்டு, பின்விளிம்பு வாய்க்கால் கரையோடு சரிமட்டமாக நிற்கும்படி மேட்டை வெட்டுங்கள். வெட்டுவதற்கு ரம்பம் வேண்டாம். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு நேர் அடியில் ஒரு ரீப்பர் கட்டையைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் எடையில் தொங்க, வெட்டுவாய் தானே விரியும். கூரான கட்டர் பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து நாலைந்து இழுப்பில் வெட்டினால் நேராக வரும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்ப்பவர்களுக்குத்தான் கையில் தையல்.

மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே அரை விரல் இடைவெளி விடுங்கள். சித்திரை வெயிலில் ரப்பர் நீளும். இடமில்லாமல் நெருக்கிப் போட்டால் நடுவில் புடைத்து எழும்பும். ஆணி அடிக்க வேண்டுமென்றால் தலைப்பக்கம் மட்டும் இரண்டு ஆங்கர் போல்ட், பெரிய வாஷரோடு, தலை மேலே துருத்தாமல். வால்பக்கம் எதுவும் அடிக்காதீர்கள். அந்தப் பக்கம் தூக்கிக் கழுவத்தான் வேண்டும்.

மேட் போட்டும் மாடு படுக்கவில்லை என்ற புகாருக்குப் பாதிக்கு மேல் காரணம் மேட் அல்ல, தொட்டிச் சுவரும் கயிறும். மாடு எழும்போது முன்முட்டியில் நின்று தலையை இரண்டு, மூன்று அடி முன்னால் வீசிப் பின்பக்கத்தைத் தூக்கும். முகத்துக்கு நேரே சுவர் உயர்ந்து நின்றாலோ கட்டுக்கயிறு குட்டையாக இருந்தாலோ தலையை வீச முடியாது. அப்புறம் குதிரை மாதிரி முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும், வழுக்கும். படுத்த மாடு தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கயிறு இருக்க வேண்டும். அதைவிட நீண்டால் காலில் சுற்றும்.

புது மேட்டில் சில மாடுகள் இரண்டு மூன்று நாள் படுக்காமல் முரண்டு பிடிக்கும். வாடைதான் காரணம். அதே மாட்டின் சாணியைக் கரைத்து மேலே லேசாகத் தெளித்து, ஒரு கைப்பிடி சோளத்தட்டோ வைக்கோலோ தூவினால் பழகிவிடும். பழகியதா என்று பார்க்க நல்ல நேரம், காலைத் தீனி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. பத்து மாட்டில் எட்டு மாடாவது படுத்து அசை போட வேண்டும்.

தினப்படிப் பாடு

இதைத்தான் விற்கிறவர்கள் சொல்வதில்லை. மேட்டின் மேல்பக்கம் தண்ணீரை உறிஞ்சாது, ஒரு வாளி ஊற்றிச் சீமாறால் தள்ளினால் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளிச்சில்தான் ஏமாற்றம். ஓரம் வழியாகக் கோமியமும் மடியிலிருந்து சொட்டும் பாலும் அடியில் போய்ச் சேரும். பத்து நாள் தூக்காமல் விட்டுத் தூக்கிப் பாருங்கள், கண்ணெரிகிற நெடி வரும், புழு நெளியும். மாடு படுத்தால் மூக்கு அந்த நெடிக்கு அரை அடி தூரத்தில். ஈ பெருகுவதும் அங்கிருந்துதான்.

வாரம் ஒரு தடவை தூக்கியே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் இரண்டு தடவை. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிற வேகத்துக்குத் தளம் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் வேலை சுலபம். முழு மேட்டையும் தூக்க வேண்டியதில்லை. மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு, இரண்டு ஆள் வால்பக்க மூலைகளைப் பிடித்துப் பாதி மேட்டைத் தலைப்பக்கம் சுருட்டி, கழுவி, காயவிட்டு, சுண்ணாம்புத் தூள் மெல்லிசாகத் தூவி இறக்குங்கள். சுண்ணாம்பு மேட்டுக்கு அடியில் மட்டும். மேலே தூவினால் ஈரத்தில் காம்புத் தோல் வெந்து வெடிக்கும். கோமாரி சுற்றுகிற காலத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தளம், மேட் இரண்டையும் கழுவலாம். டீசல், மண்ணெண்ணெய், பழைய இஞ்சின் ஆயில் எதுவும் ரப்பரில் படக்கூடாது. பட்ட இடம் உப்பி, மெத்தென்று ஆகி, பிய்ந்து வரும்.

சாணி வழிக்க இரும்பு மண்வெட்டியை விட்டுவிட்டு மரப்பலகைக்கு மாறுங்கள். மண்வெட்டி ஓரம் குமிழைச் சீவிச் சீவி, மேட் சீக்கிரத்திலேயே வழவழவென்று ஆகிவிடும். வழவழத்த மேட் சிமெண்டைவிட ஆபத்து.

உண்ணிக்கு மேட்டின் அடி நல்ல ஒளிவிடம். சுவர் வெடிப்பை நெருப்புத் துப்பாக்கியால் சுடுகிறவர்கள் அன்றைக்கு மேட்டை வெளியே எடுத்துப் போட்டு அடியையும் தளத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்துவிட்டு மேட்டைத் தூக்காமல் விட்டால் உண்ணி திரும்ப ஏறும்.

மடிநோய் விஷயத்தில் மேட்டைவிடப் பெரியது கறந்த பின்னாலான அரை மணி நேரம். கறந்தவுடன் காம்பின் துவாரம் திறந்தே இருக்கும், மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமாகும். கறந்து, காம்பை அயோடின் கரைசலில் முக்கி, உடனே பசுந்தீவனத்தைத் தொட்டியில் போட்டால் மாடு நின்றுகொண்டே தின்னும். மெத்தென்ற மேட் கிடைத்த மாடு கறந்ததும் படுக்கத்தான் பார்க்கும். மேட் வாங்கிய பிறகு மடிநோய் கூடிவிட்டது என்பவர்களின் தீவன நேரத்தைக் கேட்டால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று குளம்பு. சிமெண்டு உராய்ந்து தேய்த்த வேலையை ரப்பர் செய்யாது. நாள் முழுக்கக் கட்டியே வைத்திருக்கிற மாட்டுக்கு மேட் போட்டால் குளம்பு நீண்டு முன்னால் வளையும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவுகிற செலவை மேட் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மற்றவை எப்படி

ஈவிஏ மேட் பத்துக் கிலோ சுற்றித்தான் இருக்கும், ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். முட்டிக்கு ரப்பரைவிட மெத்தென்று இருக்கும். கழுவ வசதி, அடி காய்வதும் சீக்கிரம். ஆனால் தண்ணீர் விட்டால் நகரும், கூரான குளம்பு குத்திக் கிழிக்கும். அமைதியான ஜெர்சிக் கலப்பு ஒன்றிரண்டு வைத்திருக்கிற வீட்டில், தூக்கிக் கழுவ ஒரே ஒரு பெண்பிள்ளைதான் இருக்கிறார் என்றால் நான் ஈவிஏவைத்தான் சொல்வேன். வாரா வாரம் தூக்குகிற லேசான மேட், தூக்காமலே கிடக்கிற கனத்த மேட்டைவிட மேல்.

பழைய கன்வேயர் பெல்ட் விலைக்கு மயங்கி வாங்காதீர்கள். மேல்பக்கம் வழுக்கும். நடுவில் நைலான் துணி அடுக்கு இருப்பதால் வெட்டிய ஓரம் கோமியத்தை உறிஞ்சி நாறும். உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற ரகமாக இருந்தால் ஓரம் தேய்ந்ததும் கம்பி வெளியே வந்து மடியைக் கிழிக்கும்.

நார்த்தூள் நல்ல துணை. மேட்டின் வால்பக்கப் பாதியில் கால் அங்குலம் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மில்லிலிருந்து வந்த ஈரத்தூளை அப்படியே போடக்கூடாது, வெயிலில் காயவைத்த தூள்தான் உறிஞ்சும். நனைந்ததைத் தினமும் வழித்துவிட வேண்டும். சாணியோடு போன நார்த்தூள் மக்க நாளாகும். மக்காமல் வயலில் போட்டால் மண்ணிலிருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிர் வெளுக்கும். குப்பைக்குழியில் நன்றாக மக்கவிட்டு அப்புறம் அள்ளுங்கள். மணல்தான் மாட்டுக்கு உத்தமமான படுக்கை, ஆனால் இன்றைய விலையில் அதைப் பேசி என்ன செய்ய? எம்-சாண்ட் கூர்மை, முட்டியை அறுக்கும். எந்த மணலானாலும் சாண எரிவாயுக் கலத்தில் போய் அடைத்துக்கொள்ளும்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேய்ந்து, ராத்திரி மண்தரைப் பட்டியில் அடைகிற காங்கயம் மாட்டுக்கு மேட் வீண் செலவு. வேலாமர நிழலும், மேடாக்கி நீர் வடியவிட்ட மண்ணுமே போதும். பிறந்த கன்றுக்கும் ரப்பர் வேண்டாம், காய்ந்த வைக்கோல் கனமாகப் போடுங்கள். கன்று போடப் போகிற மாட்டை மேட்டில் விடாதீர்கள். பனிக்குட நீர் கொட்டினால் எந்தக் குமிழும் பிடிக்காது. பால்காய்ச்சலில் (கன்று போட்டதும் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து வருவது) தள்ளாடுகிற மாடு அதில் விரிந்து விழுந்தால் எழுப்புவது கடினம். ஈத்து மாட்டுக்கு ஒரு மண்தரை மூலை எப்போதும் வேண்டும். கூரையில்லாத இடத்திலும் விரிக்கக்கூடாது, கறுப்பு ரப்பர் மத்தியான வெயிலில் கால் வைக்க முடியாத சூடு ஏறும். தாழ்ந்த சிமெண்டு சீட்டுக் கூரையின் கீழே கரூர், ஈரோட்டு வெயிலில் மாடு மேட்டை விட்டு ஈரச் சிமெண்டைத் தேடிப் போய்ப் படுக்கும். மேட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் கூரையின்மேல் சுண்ணாம்பு அடித்து, தென்னங்கீற்றுப் பரப்பிப் பாருங்கள்.

சாய்வும் வாய்க்காலும் சரியாக இருக்கிற கட்டுத்தாரை, வாரம் ஒரு தடவை தூக்க இரண்டு ஆள், நாள் முழுக்கக் கட்டி வளர்க்கிற கலப்பின மாடு. இந்த மூன்றும் இருந்தால் 17 எம்எம் ரப்பர் மேட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். ஆள் இல்லை என்றால் இரண்டுதான். பத்து மாட்டுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முட்டி வீங்கினது, நிறைசினை, வயசானது என்று மூன்று மாட்டுக்கு முதலில் போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள்.

தேய்ந்த மேட்டை எறிந்துவிட வேண்டாம். இரண்டாக வெட்டி, தலைகீழாகத் திருப்பி, தண்ணித் தொட்டியைச் சுற்றி விரியுங்கள். அடிப்பக்க வாய்க்கால் இன்னும் தேயாமல்தான் இருக்கும், மாடு தண்ணீர் குடிக்க வந்து வழுக்குகிற இடமும் அதுதான்.